நோன்பாளி குடித்த தண்ணீர்

றலியா தைத்த சட்டை தோளில் இழுக்காது. கண்டியில் பெரிய கடையில் வாங்கின சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் இடுப்பு வெளியே தெரியும். இவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கலாம், மரம் ஏறலாம், இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்கலாம். தையல் அப்படி. ஆளும் அப்படித்தான். யாரையும் இழுத்துப் பிடிக்கத் தெரியாது.

ஆகஸ்டு லீவு வந்தால் ஹந்தானையில், பழைய துரை பங்களாவில், பிள்ளைகளுக்கு முகாம் நடக்கும். சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் ஒரு வாரம் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருத்தர் பேச்சை ஒருத்தர் படிப்பார்கள். சமாதான முகாம் என்று வாசலில் மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட்டிருக்கும். நடத்துகிறவர் ராஜரத்தினம் மாஸ்டர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து பென்ஷன் எடுத்தவர். குசினி என் பொறுப்பு. பிள்ளைகள் கழுத்தில் கட்டுகிற பச்சை லேஞ்சிகளைத் தைத்துக் கொண்டுவருவது றலியாவின் பொறுப்பு. அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். லேஞ்சிக் கட்டைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட மாட்டாள். அடுப்புப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துத் தருவாள்.

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் பகல், புல்வெளியில் பிள்ளைகள் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். ஒரு பிள்ளை கிளாஸில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வேறு இனத்துப் பிள்ளையிடம் போகும். அந்தப் பிள்ளையின் பாஷையிலேயே, "எங்க ஆளுங்க உங்களுக்குச் செஞ்சதுக்கு மன்னிச்சிக்கங்க" என்று சொல்லி நீட்டும். மற்றப் பிள்ளை வாங்கிக் குடித்தால் மன்னித்தாயிற்று. பிறகு இந்தப் பிள்ளை அதற்குக் கொடுக்கும்.

மாஸ்டர் இதைச் சும்மா வைக்கவில்லை. அவருடைய தகப்பன் காலத்தில் கடைத்தெருவில் தோட்டத்து ஆட்களுக்குச் சிரட்டையில்தான் தேத்தண்ணீர். கிளாஸைத் தொட விடமாட்டார்கள். "ஒருத்தன் குடுக்கிற கிளாஸை இன்னொருத்தன் வாங்கிக் குடிக்கிறான் பாருங்க, அதுக்குப் பேர்தான் நீதி" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார்.

றலியா குசினி ஜன்னலில் நின்று பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைப்பாள்.

"நல்லம்மாக்கா, பெரிய ஆக்களுக்கும் இப்பிடி ஒரு லீவு உட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டாள்.

"பெரிய ஆளுங்களுக்குக் கிளாஸ் கழுவ என்னால முடியாதும்மா" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம்.

அவள் பிறந்தது அக்குறணையில். கட்டிக்கொண்டு போனது தெல்தெனியப் பக்கம். புருஷன் பாயிஸ் லொறி ஓட்டினவர். பெண் கேட்டு வந்த அன்றைக்கே, "தைக்கத் தெரியுமாமே, அப்ப மெஷின் நான் வாங்கித் தாறேன்" என்று சொன்னாராம். சொன்னபடி வாங்கியும் கொடுத்தார். ஸஹ்லா என்று ஒரு மகள் பிறந்து, அது ஓடித் திரியத் தொடங்கின வயசில் நெஞ்சு வருத்தத்தில் மவுத்தாகிவிட்டார். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாவை இருந்து முடித்து, கடைத்தெருவில் விமலசேன முதலாளியின் கட்டடத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, அந்த மெஷினைக் கொண்டுபோய்ப் போட்டாள். ஒரு பக்கம் முதலாளியின் பலசரக்குக் கடை. மறுபக்கம் சலூன். நடுவில் இவள்.

பள்ளிக்கூடச் சட்டைதான் அவளுக்கு அதிகம் வரும். அந்தக் கடைத்தெருப் பிள்ளைகள் எந்த இனமென்றாலும் அவள் வெட்டின வெள்ளைத் துணிதான் போட்டார்கள். முதலாளியின் பேத்தி சவிந்திக்கு முதலாம் வகுப்பிலிருந்து அவள்தான் தைத்தாள். சவிந்தியும் ஸஹ்லாவும் ஒரே வயசு. வெட்டி விழுந்த துண்டுகளில் பொம்மைக்குச் சட்டை கட்டி, கடை வாசலில் உட்கார்ந்து விளையாடி வளர்ந்த பிள்ளைகள். முதலாளி அவளை நங்கி என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் தங்கச்சி என்று அர்த்தம். நோன்பு மாசம் அவள் கஞ்சி கொடுத்து அனுப்புவாள். சித்திரை வருஷப் பிறப்புக்கு அங்கிருந்து கொக்கிஸ் பலகாரம் வரும்.

பிறகு அந்த மார்ச் மாதம் வந்தது.

அது எப்படித் தொடங்கியது, யார் தொடங்கியது என்று நான் சொல்லப் போவதில்லை. ஊரடங்கு போட்டார்கள், எடுத்தார்கள், திரும்பப் போட்டார்கள். முஸ்லிம் கடைகளைக் கொளுத்த வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெளியூர் ஆட்களுக்கு எது யாருடைய கடை என்று தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரிதான் வந்தார்கள். றலியாவும் மகளும் சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்திருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மெஷின், மேசை, துணிக்கட்டு, பிள்ளைகளின் சட்டைகள் எல்லாவற்றையும் நடு ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து வைத்துக் கொளுத்தியிருந்தார்கள். மெஷின் தலை கறுத்துப்போய்க் குப்புறக் கிடந்தது.

கட்டடத்தில் ஒரு கரிப்புள்ளி இல்லை.

"நெருப்பு வக்க வந்தவனுக்கு என்னத்துக்கு அக்கா இந்தக் கஷ்டம்? உள்ளுக்கே வச்சிட்டுப் போயிருக்கலாமே. இது யார்ட கட்டடம் எண்டு யாரோ செல்லித்தானே சாமான வெளிய எடுத்த?" என்று றலியா என்னிடம் கேட்டாள்.

இன்னொன்றும் இருந்தது. அதற்கு முந்தின நாள் பின்னேரம் முதலாளியின் பெண்சாதி வந்து, சவிந்தியின் புதுச் சட்டையைக் கேட்டாள். இன்னும் கீழ் மடிப்புத் தைக்கவில்லை, சிவப்பு நூலில் ஓட்டுத்தையல் போட்டு வைத்திருக்கிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று றலியா சொன்னாள். வேண்டாம், இப்படியே தா என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது றலியாவின் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

பொலிஸில் றலியா ஒரே ஒரு பேரைத்தான் சொன்னாள், விமலசேன முதலாளியின் பேரை. நஷ்டத்துக்கு அரசாங்கம் ஏதோ தரும் என்றார்கள், அது வந்தால் வரட்டும் என்றாள். அவளுக்கு வேண்டியது வேறு. "தெரியும் நங்கி, எனக்கு முந்தியே தெரியும், உன்னைக் கூப்பிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்று அந்த மனுஷன் தன் வாயால் சொல்ல வேண்டும். அதைத் தவிர வேறொன்றையும் அவள் கேட்கவில்லை.

சார்ஜன்ட் நல்ல மாதிரித்தான் பேசினார். "சமாதானமாகப் போங்கம்மா" என்றார். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்குப் பொலிஸில் வேறு அர்த்தம். முறைப்பாட்டை வாபஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்பதுதான் சமாதானம். ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் அதையே சொன்னார். றலியா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்துப் போடாமல் வந்தாள். அக்குறணையில் அக்கா ருக்கியா வீட்டில் ஒதுங்கி, இரவல் மெஷினில் தைக்கத் தொடங்கினாள். அக்காவை அவர்கள் தாத்தா என்று கூப்பிடுவார்கள். முதல் தடவை "தாத்தா சேலை கட்டிட்டு வந்தா" என்று அவள் சொன்னபோது நான் திகைத்துப்போனேன்.

அந்த வருஷ முகாமுக்கு மாஸ்டர் இரண்டு பிள்ளைகளையும் எடுத்தார். ஸஹ்லாவையும் சவிந்தியையும். அவர் மனதில் கள்ளம் இல்லை. இந்த இரண்டு பிள்ளைகளும் ஒருத்தருக்கொருத்தர் தண்ணீர் கொடுத்தால் அந்தக் கடைத்தெருவே திருந்திவிடும் என்று உண்மையாகவே நம்பினார். நல்ல மனுஷர்கள் சிலருக்கு இந்த வியாதி உண்டு.

லேஞ்சிக் கட்டோடு மகளையும் கூட்டிக்கொண்டு றலியா வந்தாள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுக் குசினியில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா நீ, அனுப்பிட்ட?" என்றேன். "கடைசி நாள் அந்தப் புள்ள தண்ணி குடுக்குமே. இது வாங்கிக் குடிச்சிட்டா, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுவாங்களே."

"மாஸ்டருக்கு இல்ல எண்டு செல்ல ஏலா அக்கா. கடை எரிஞ்ச கையோட என்ட புள்ளக்கிப் புஸ்தகம், சப்பாத்து எல்லாம் அவருதானே வாங்கித் தந்த."

"அதுக்காக?"

றலியா வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. மார்ச்சுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"கடைசி நாள் என்ன நாள் தெரியுமா? ஹஜ்ஜுப் பெருநாளைக்கி முந்தின நாள். அரபா நோன்பு. ஸஹ்லா போன வருஷத்தில ஈந்து நோன்பு புடிக்கிறா. நோன்பாளி தண்ணி குடிப்பாளா? நானும் இல்ல எண்டு செல்லல்ல, அவளும் செல்லத் தேவல்ல. அல்லாஹ் செல்லிடுவான்."

"கெட்டிக்காரிதான் நீ" என்றேன். "மாஸ்டருக்குத் தெரியுமா?"

"பெருநாள் எண்டைக்கி எண்டு தெரியும். புரியாணி கேட்டிருக்காரு. நோன்பு தெரியாது."

நானும் மாஸ்டரிடம் சொல்லவில்லை. அவள் மனது யாரையும் நோகடிக்காமல் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது, கடவுளே அந்த வழியை விட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் முழுக்க நான் அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஒன்று இந்த மூலை, மற்றது அந்த மூலை. பிறகு சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை இடைவெளி. அதற்குப் பிறகு இடைவெளி இல்லை. சவிந்தி என்னிடம் வந்து தமிழில் ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டு போகும். "நல்லம்மா ஆன்ட்டி, நான் என்பதை எப்படி? எங்கள் என்பதை எப்படி?" என்று சிங்களத்தில் கேட்கும். முகாமில் சொல்லிக்கொடுத்ததைப் பழகுகிறது என்று நினைத்தேன்.

கடைசி நாள் விடியுமுன்னே எழுந்து ஸஹ்லாவுக்குச் சஹருக்குச் சோறு போட்டேன். நன்றாகச் சாப்பிட்டது. உம்மா சொன்னதெல்லாம் அதற்குத் தெரிந்துதான் இருந்தது. "ஆன்ட்டி, இண்டைக்கி எனக்குத் தண்ணி குடிக்க ஏலாதே" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னது.

பகல் பெற்றோர் எல்லாரும் வந்தார்கள். விமலசேன முதலாளி வெள்ளை சாரமும் வெள்ளைச் சட்டையுமாக முன் வரிசையில் உட்கார்ந்தார். றலியா கடைசி வரிசையில். முகாமுக்கு உதவி செய்கிறவர்கள் கொழும்பிலிருந்து கமராவோடு வந்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடச் சட்டையில் நின்றார்கள். சவிந்தி போட்டிருந்தது அந்தச் சட்டைதான். கீழ் மடிப்பை யாரோ கையால் கோணலாகத் தைத்திருந்தார்கள். சிவப்பு ஓட்டுத்தையல் நூலை உருவக்கூட இல்லை. றலியா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

கிளாஸ் தட்டத்தோடு நான் வட்டத்துக்குள் நின்றேன். சவிந்தி வந்து ஒரு கிளாஸை எடுத்தது. ஸஹ்லாவுக்கு முன்னால் போய் நின்று, ஒரு வாரமாகப் பழகின தமிழில் சொன்னது.

"எங்க சீயா உங்களுக்குச் செஞ்சதுக்கு மன்னிச்சிக்கங்க."

எங்க ஆளுங்க என்றுதான் எல்லாரும் சொல்ல வேண்டும். இது எங்க சீயா என்றது. சீயா என்றால் தாத்தா. எங்கள் பேச்சில் தாத்தா, றலியா ஆட்கள் அக்காவைக் கூப்பிடுகிற தாத்தா அல்ல. சொல்லிவிட்டு அழத் தொடங்கியது. சத்தமில்லாமல், கிளாஸைப் பிடித்த கை நீட்டினபடியே நிற்க, கன்னத்தில் வழிந்தது.

ஸஹ்லா கிளாஸைப் பார்த்தது. உம்மா இருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தது. பிறகு வாங்கி ஒரே மூச்சில் குடித்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். கமராக்காரர் படம் எடுத்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளியும் கைதட்டினார். அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததா, விழவில்லையா, கடவுளுக்குத்தான் தெரியும். கைதட்டும்போது மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினிக்கு வந்து றலியா முக்காலியில் உட்கார்ந்தாள். மகள் வாசலில் நின்றது. ஏசப் போகிறாள் என்று பயந்தேன்.

"தாகமா ஈந்திச்சா மகள்?"

"இல்ல உம்மா."

"அப்ப?"

"அவள் அழுதாள். அவள்ட சீயா எண்டு செல்லிட்டு அழுதாள். கைய எடுக்கல்ல உம்மா."

என் காதில் விழுந்ததை நானும் சொன்னேன். றலியாவுக்கு அவ்வளவு தூரத்தில் கேட்டிருக்கவில்லை. பிறகு மகளை இழுத்து மடியோடு வைத்துக்கொண்டாள்.

"கட்டாயமில்லாத சுன்னத்து நோன்புதான். முறிச்சா குத்தமில்ல. நீ செஞ்சது சரி" என்றாள்.

அதோடு அது முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. மாஸ்டர் சொல்லிச் சொல்லி மகிழ்கிற கதை.

பெருநாள் கழிந்து பொலிஸிலிருந்து கூப்பிட்டார்கள். சார்ஜன்ட் தன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். ஊர் முழுக்கப் போயிருந்தது. கீழே சமாதானம் என்று எழுதியிருந்தது. விமலசேன முதலாளியே கொண்டுவந்து காட்டினாராம். "உங்க மகளே மன்னிச்சிட்டா. இவ்வளவு பேர் முன்னால. இனி என்னம்மா முறைப்பாடு?" என்று கேட்டார்.

"அது புள்ளையள்ட சமாதானம் சேர். பெரிய ஆக்கள்ட இல்ல."

"சமாதானம் என்றால் எல்லாம் ஒன்றுதானே."

அவளுக்கு அங்கே சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. அந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று கேளுங்கள், தட்டம் பிடித்திருந்த நல்லம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நானும் போய்ச் சொல்லியிருப்பேன். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கோபமாகக் கேட்டபோது மெதுவாகத்தான் பதில் சொன்னாள்.

"அந்தப் புள்ளயக் கூப்புட்டு, உங்கட சீயா என்ன செஞ்ச எண்டு பொலிஸ்ல நிப்பாட்டுவாங்க அக்கா. பொறகு அது அந்த ஊட்டுல எப்பிடிச் சாப்புடும், எப்பிடித் தூங்கும்? என்ட புள்ள அந்தத் தண்ணியக் குடிச்சது இதுக்கா?"

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த கிழமை, "நீங்க சும்மா என்னோட வாங்க அக்கா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு தெல்தெனிய பஸ் ஏறினாள். எதற்கு என்று சொல்லவில்லை. கடைத்தெருவில் இறங்கினோம். அவளிருந்த அறையில் இப்போது போன் கடை. கண்ணாடிக் கதவு போட்டிருந்தது. சலூன்காரர் எங்களைக் கண்டு, கத்தரிக்கோலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

முதலாளி கல்லாவில் இருந்தார். "ஆ, நங்கி" என்று எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பெருநாள் எப்படி, பிள்ளை எப்படி என்று விசாரித்தார்.

"முதலாளி, குடிக்கத் தண்ணி கொஞ்சம் தாங்க" என்றாள் றலியா சிங்களத்தில்.

அவர் உள்பக்கம் திரும்பி, "சவிந்தி, றலியா ஆன்ட்டிக்குத் தண்ணி கொண்டு வா" என்று கூப்பிட்டார்.

"பிள்ளைய கூப்பிட வேணாம். அவ அவட பங்கத் தந்துட்டா. நீங்க தாங்க."

கடையில் மூன்று நாலு பேர் நின்றார்கள். முதலாளியின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க இடமில்லாத மாதிரி. றலியா கல்லாவுக்கு முன்னால் நேராக நின்றாள். அவ்வளவு நேராக அவள் நின்று நான் பார்த்ததில்லை. அவர் திரும்பி, பின்னால் இருக்கிற குடத்திலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் கையில் கொடுத்தால் போதும். ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. அவள் அதற்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக் குடித்துவிடுவாள். அதற்கான தாகத்தோடுதான் வந்திருந்தாள்.

அவர் பிரிட்ஜைத் திறந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்து கல்லா மேசையில் வைத்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க, இதைக் குடிங்க. ஏன் நங்கி பழசையே நினைக்கிறது? அந்தப் படத்தை ஊரே பாத்திடுச்சே, எல்லாம் முடிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு, நின்ற ஆளிடம் திரும்பி, "உனக்கு என்ன, பருப்பா?" என்று கேட்டார்.

உள் வாசலில் சவிந்தி வந்து நின்றது. கையில் கிளாஸ் இருந்தது, தண்ணீரோடு. றலியா அதைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினாள். வேண்டாம் மகள், நீ போ என்கிற மாதிரி. பிறகு வெளியே வந்தாள். போத்தல் மேசையில் நுரைத்துக்கொண்டு இருந்தது.

கண்டி பஸ் ஏறினோம். குண்டசாலை தாண்டினதும், "வாய் காஞ்சு போச்சு அக்கா" என்றாள். என் பையில் போத்தல் இருந்தது. கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை.

முகாம் இப்போதும் நடக்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு பங்களா ஹோலில் மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளை அதற்கு முன்னால் உட்கார வைத்து மாஸ்டர் கதை சொல்வார். ஒரு பிள்ளை தன் நோன்பையே விட்டுக் குடித்தது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் சேர்த்துக்கொண்டார். கேட்கிற பிள்ளைகளுக்குக் கண் கலங்கும். ஸஹ்லாவைத் திரும்பவும் அழைத்தார். படிப்பு இருக்கிறது என்று றலியா சொல்லிவிட்டாள். சவிந்தியும் பிறகு வரவில்லை. அதைக் கண்டியில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிப்பிக்கிறார்கள் என்று கேள்வி.

லேஞ்சிகள் மட்டும் ஒவ்வொரு ஆகஸ்டும் வருகின்றன. அதே பச்சை. கோணலில்லாத மடிப்பு. றலியா முன் வாசலால் வருவதில்லை, குசினிப் பக்கம்தான். முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், மகளின் படிப்பைச் சொல்வாள், நான் ஊற்றுகிற தேத்தண்ணீரைக் குடிப்பாள். கடைசி நாள் பகல், பிள்ளைகள் வட்டமாக நிற்கப் போகிறார்கள் என்று மணி அடித்தால், எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்காருவாள்.

நான் தட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போவேன். பிள்ளைகள் குடிப்பார்கள். பெரியவர்கள் கைதட்டுவார்கள்.